காப்பீட்டுக் கட்டணமும் அரசின் கையும்: இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு மானியத்தின் வரலாறு (1948 – 2025)

முன்னுரை

நோய் வருவதற்கு முன்னரே ஒரு தொகையைச் செலுத்தி வைத்து, நோய் வந்தபோது மருத்துவச் செலவை அதன்வழிப் பெறுதல் மருத்துவக் காப்பீட்டின் அடிப்படை ஆகும். முன்கூட்டிச் செலுத்தப்படும் அத்தொகையே பிரிமியம் எனப்படும் காப்பீட்டுக் கட்டணம். நாட்கூலியில் வாழ்பவர்க்கு நாளைய நோய்க்காக இன்றைய கூலியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தல் எளிதன்று. ஆகவே காப்பீடு யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களே அதனை வாங்க இயலாதவராக உள்ளனர். இம்முரணை நீக்க அரசு கட்டணத்தின் ஒரு பகுதியையோ முழுமையையோ ஏற்கும் முறை இந்தியாவில் படிப்படியாக உருவானது. அம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வெவ் வடிவங்களை எடுத்தது, யாரைச் சென்றடைந்தது, யாரை விட்டுவிட்டது என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

மானியம் என்னும் சொல்

திட்டங்களின் வரலாற்றுக்குள் புகுமுன் ஒரு சொல்லைப் பற்றிய தெளிவு தேவைப்படுகிறது. அரசு தரும் கட்டண உதவியை இன்று ‘மானியம்’ என்கிறோம். பிற்காலத் தமிழ் ஆவணங்களில் இச்சொல் வரி நீக்கித் தரப்பட்ட நிலத்தைக் குறித்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மருத்துவர்க்கு அளிக்கப்பட்ட நிலம் ‘வைத்தியக்காணி’ என்றும், நஞ்சு தீர்ப்போர்க்கு அளிக்கப்பட்டது ‘விஷஹரபோகம்’ என்றும் வழங்கப்பட்டன. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றினையும், அங்குப் பணிபுரிந்த மருத்துவர், அறுவை மருத்துவம் செய்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்கு உரிய நெல்லையும் காசையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் குறிப்பிடுகிறது.

இச்சான்றுகளில் கொடை மருத்துவம் செய்வோர்க்கும் மருத்துவம் நடைபெறும் இடத்துக்கும் வழங்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. நோயாளியின் பெயரால் எதுவும் வழங்கப்படவில்லை. விடுதலைக்குப் பின் அரசு மருத்துவமனைகள் வழியாக நடைபெற்ற இலவச மருத்துவமும் இவ்வகையினதே. காப்பீட்டு மானியமோ இதினின்று வேறுபட்டது. இதில் அரசின் பணம் ஒரு குறிப்பிட்ட மனிதரின் அல்லது குடும்பத்தின் பெயரால் செலுத்தப்படுகிறது. எனவே யாருடைய பெயர் ஏட்டில் உள்ளது என்னும் வினா முதன்முறையாக எழுகிறது. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே அமைவதைக் காணலாம்.

தொழிலாளர் காப்பீடு: ஊதியம் என்னும் அளவுகோல்

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பற்றிய சிந்தனை தொழிற்சாலைகளை ஒட்டியே தோன்றியது. 1943இல் பேராசிரியர் பி. பி. அதார்க்கர் தொழிலாளர்க்கான நோய்க் காப்பீடு குறித்து ஆராயுமாறு பணிக்கப்பெற்று, 1944இல் தம் அறிக்கையை அளித்தார். அதன் அடிப்படையில் 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ. எனப்படும் இத்திட்டத்தை 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் ஜவாகர்லால் நேரு தொடங்கி வைத்தார். தில்லியிலும் அதே காலத்தில் திட்டம் தொடங்கியது.

இதில் கட்டணம் முதலாளி, தொழிலாளி ஆகிய இருவரிடமிருந்தும் ஊதியத்தின் ஒரு விழுக்காடாகப் பெறப்பட்டது. மருத்துவச் செலவில் மாநில அரசுகளும் ஒரு பங்கை ஏற்றன. தொழிலாளி தனியே சென்று பணம் கட்டவேண்டியதில்லை. ஊதியத்திலேயே பிடித்தம் செய்யப்பட்டது. குறைந்த ஊதியம் பெறுவோர் குறைவாகவும் மிகுந்த ஊதியம் பெறுவோர் மிகுதியாகவும் செலுத்த, கிடைக்கும் மருத்துவம் மட்டும் அனைவர்க்கும் ஒன்றாகவே இருந்தது. 2019இல் பங்களிப்பு விகிதம் 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, முதலாளியின் பங்கு 3.25 ஆகவும் தொழிலாளியின் பங்கு 0.75 ஆகவும் அமைந்தன.

1943இல் அமைக்கப்பெற்று 1946இல் அறிக்கை அளித்த போர் குழு வேறொரு வழியைக் காட்டிற்று. பணம் இல்லாமையால் எவரும் மருத்துவம் பெறாது போகலாகாது என்பது அக்குழுவின் கொள்கை. காப்பீட்டின் மூலமன்றி, வரிப்பணத்தில் நடைபெறும் பொது மருத்துவமனைகள், ஆரம்பச் சுகாதார நிலையங்கள் ஆகியவற்றின் மூலமாகவே இதனை அடையவேண்டும் என்று அக்குழு கருதியது. ஆக, விடுதலை பெற்ற இந்தியாவில் ஆலைத் தொழிலாளிக்குக் காப்பீடும், 1954 முதல் மத்திய அரசு ஊழியர்க்குத் தனித் திட்டமும், ஏனையோர்க்கு அரசு மருத்துவமனையும் என்னும் பகுப்பு நிலைபெற்றது. உழவர், நெசவாளர், கட்டுமானத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோர் ஆகியோர் எக்காப்பீட்டிலும் இடம்பெறவில்லை.

தனிநபர் காப்பீடும் வரிச் சலுகையும்

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்னும் நான்கு நிறுவனங்கள் உருவாயின. இவை 1986இல் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் தனிநபர் மருத்துவக் காப்பீட்டை அறிமுகப்படுத்தின. பணம் கட்டக்கூடிய எவரும் தம் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் காப்பீடு வாங்கலாம் என்னும் நிலை அப்போதுதான் பரவலாயிற்று.

அதே ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 80டி என்னும் பிரிவைச் சேர்த்தது. மருத்துவக் காப்பீட்டுக்குச் செலுத்திய கட்டணத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து ஒரு வரம்புவரை கழித்துக்கொள்ள அது வழி செய்தது. இவ்வரம்பு 2015இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; மூத்த குடிமக்களுக்கு 2018இல் 50,000 ரூபாய் ஆனது.

இவ்வரிச் சலுகை பெரும்பாலும் மானியம் என்று அழைக்கப்படுவதில்லை. ஆயினும், தனிநபர் தம் காப்பீட்டுக் கட்டணத்துக்கு அரசிடமிருந்து பெற்ற முதல் உதவி இதுவே எனலாம். அரசு வாங்கவேண்டிய வரியை விட்டுக்கொடுப்பதும் ஒருவகைச் செலவே. அவ்வுதவி யாருக்குச் சென்றது என்பது கருதத்தக்கது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உடையோர்க்கே கழிவு கிடைக்கும். 25,000 ரூபாய் கட்டணம் செலுத்தும் ஒருவர் 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால் அவர்க்கு 7,500 ரூபாய் மிச்சமாகும். 5 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் 1,250 ரூபாயே மிச்சமாகும். வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் அதே கட்டணத்தைச் செலுத்தினும் ஒன்றும் பெறார். வருமானம் குறையக் குறைய உதவியும் குறையும் தன்மை இதில் அமைந்துள்ளமை தெளிவாகிறது. 2020இல் அறிமுகமான புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போர்க்கு இக்கழிவும் இல்லையாயிற்று.

எளியோர்க்கெனப் பொதுத்துறை நிறுவனங்கள் 1996இல் ‘ஜன ஆரோக்கிய பீமா’ என்னும் காப்பீட்டைக் கொணர்ந்தன. 45 வயது வரையிலான ஒருவர்க்கு ஆண்டுக்கு 70 ரூபாய்க் கட்டணம். காப்புத் தொகை 5,000 ரூபாய். கட்டணம் குறைவாயினும் அதனை முழுமையும் வாங்குபவரே செலுத்தவேண்டியிருந்தது. காப்புத் தொகையோ ஓர் அறுவை மருத்துவத்துக்கும் போதாத அளவினது. மலிவான காப்பீடு எளியோரைத் தானே சென்றடையும் என்னும் எண்ணம் நிறைவேறவில்லை.

நாளொன்றுக்கு ஒரு ரூபாய்: 2003ஆம் ஆண்டுத் திட்டம்

மத்திய அரசு ஏழைகளின் காப்பீட்டுக் கட்டணத்தில் நேரடியாகப் பங்கேற்ற முதல் நாடளாவிய முயற்சி 2003இல் நிகழ்ந்தது. 2003–04ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிதி அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அறிவித்த ‘அனைவர்க்குமான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியது. தனிநபர்க்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 365 ரூபாய்; ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 548 ரூபாய்; எழுவர் கொண்ட குடும்பத்துக்கு 730 ரூபாய் எனக் கட்டணம் அமைந்தது. மருத்துவமனைச் செலவுக்கு 30,000 ரூபாய் வரை காப்பு உண்டு. குடும்பத்தின் வருவாய் ஈட்டுபவர் நோயுற்றால் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 15 நாள் வரை இழப்பீடும் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு அரசு ஆண்டுக்கு 100 ரூபாய் மானியம் தந்தது.

எஞ்சிய தொகையை, ஐவர் குடும்பமாயின் 448 ரூபாயை, அவ்வேழைக் குடும்பமே ஒரே தவணையில் கட்டவேண்டும். நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்னும் கணக்கு கேட்பதற்கு எளிதாயினும், கட்டவேண்டிய நாளில் அது சில நாள் கூலியாக நின்றது. ஏற்கெனவே உள்ள நோய்களும் மகப்பேறும் தொடக்கத்தில் காப்பின் எல்லைக்கு வெளியே இருந்தன. திட்டத்தில் சேர்ந்தோருள் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தோர் மிகச் சிலரே ஆயினர்.

2004இல் ஆட்சி மாறியபின் திட்டம் திருத்தப்பட்டது. அது வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. மானியமும் தனிநபர்க்கு 200, ஐவர் குடும்பத்துக்கு 300, எழுவர் குடும்பத்துக்கு 400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டவேண்டிய தொகை முறையே 165, 248, 330 ரூபாயாகக் குறைந்தது. இவ்வளவு குறைத்தும் திட்டம் வேரூன்றவில்லை. இதற்கான காரணங்களுள் ஒன்று கட்டமைப்பைச் சார்ந்தது. ஏழைகளைத் தேடிச் சென்று சேர்ப்பதால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலவே மிஞ்சியது. மானியம் கட்டணத்தைக் குறைத்ததேயன்றி, ஏழையின் வாசலுக்குத் திட்டத்தைக் கொண்டு செல்வோர் எவரையும் உருவாக்கவில்லை.

கூட்டுறவின் வழி: கருநாடகத்தின் யசஸ்வினி

இதே காலத்தில் கருநாடகத்தில் வேறொரு முயற்சி நடைபெற்றது. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டியின் முன்முயற்சியாலும் மாநிலக் கூட்டுறவுத் துறையின் துணையாலும் உருவான யசஸ்வினி திட்டம் 2003 ஜூனில் செயற்பாட்டுக்கு வந்தது. கூட்டுறவுச் சங்க உறுப்பினரான உழவர் ஒருவர் மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 ரூபாய் செலுத்த, மாநில அரசு தலைக்கு 30 ரூபாய் வழங்கியது. முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். இரண்டாம் ஆண்டில் இவ்வெண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

நாடளாவிய திட்டம் தளர்ந்த அதே ஆண்டுகளில் இது வளர்ந்தமைக்குரிய காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. உழவர் ஏற்கெனவே அறிந்த, தம் கடனையும் உரத்தையும் பெற்ற கூட்டுறவுச் சங்கமே கட்டணத்தைத் திரட்டியது. மருத்துவமனையிலும் முன்பணம் கட்டவேண்டாத முறை இருந்தது. எனினும் மூன்றாம் ஆண்டில் கட்டணம் 120 ரூபாயாக உயர்ந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 15 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 60 ரூபாய் வேறுபாட்டால் பல லட்சம் பேர் விலகினர் என்பது, கட்டணம் எவ்வளவு சிறிதாயினும் அதன் உயர்வு ஏழைகளை எவ்வளவு விரைவில் வெளியேற்றும் என்பதற்குச் சான்றாகும்.

முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்றல்: 2007 – 2012

அமைப்புசாராத் துறைத் தொழில்களுக்கான தேசிய ஆணையம், அர்ஜுன் சென்குப்தாவின் தலைமையில், 2006இல் சமூகப் பாதுகாப்புக் குறித்த தன் அறிக்கையை அளித்தது. தொழிலாளி ஒரு ரூபாய், வேலை தருவோர் ஒரு ரூபாய், அரசு ஒரு ரூபாய் என நாளொன்றுக்கு மூன்று ரூபாய் திரட்டும் முறையை அது முன்வைத்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள தொழிலாளியின் பங்கை மத்திய அரசே செலுத்தவேண்டும் என்றும் கூறியது. ஏழையிடமிருந்து பங்கு கேட்கலாமா என்னும் விவாதம் இதன்வழிக் கொள்கை வடிவம் பெற்றது.

2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ராஷ்டிரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா இவ்விவாதத்துக்கு ஒரு விடையாக அமைந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ்த் தொடங்கிய இத்திட்டத்தில், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க் காப்பு வழங்கப்பட்டது. கட்டணத்தில் 75 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்றன; வடகிழக்கு மாநிலங்களிலும் ஜம்மு காஷ்மீரிலும் மத்திய அரசின் பங்கு 90 விழுக்காடு. குடும்பம் செலுத்தவேண்டியது 30 ரூபாய்ப் பதிவுக் கட்டணம் மட்டுமே.

இத்திட்டத்தின் நுட்பமான கூறுகள் மூன்று. ஏற்கெனவே உள்ள நோய்களும் முதல் நாளிலிருந்தே காப்புக்குள் வந்தன; வயது வரம்பும் இல்லை. கைவிரல் ரேகை பதித்த அட்டையைக் காட்டினால் மருத்துவமனையில் பணம் கட்டவேண்டியதில்லை. புலம்பெயர் தொழிலாளி பிற மாநிலத்திலும் அதனைப் பயன்படுத்தலாம். மூன்றாவதாக, எத்தனை குடும்பங்களுக்கு அட்டை வழங்கப்பட்டதோ அத்தனை குடும்பங்களுக்கே காப்பீட்டு நிறுவனம் அரசிடமிருந்து கட்டணம் பெறும். ஆதலின் ஊர் ஊராகச் சென்று மக்களைச் சேர்ப்பது நிறுவனத்தின் சொந்த ஆதாயம் ஆயிற்று. 2003ஆம் ஆண்டுத் திட்டத்தில் இல்லாதிருந்தது இதுவே. சில ஆண்டுகளில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன.

மாநிலங்கள் இதற்கு இணையாகத் தம் வழிகளை வகுத்தன. ஆந்திரப் பிரதேசத்தில் 2007 ஏப்ரலில் மகபூப்நகர், அனந்தப்பூர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் தொடங்கிய ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தில், வெள்ளை அட்டை வைத்திருந்த குடும்பங்களின் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்றது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இவ்வகையில் வந்தன. பின்னதில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. கேரளம் 2008இல், மத்திய அரசின் ஏழையர் பட்டியலில் இல்லாத, ஆயின் மாநிலத்தின் பட்டியலில் இருந்த குடும்பங்களுக்கும் தானே கட்டணம் செலுத்த முன்வந்தது. மேகாலயம் 2012இல் அரசு ஊழியர் நீங்கலாக மாநிலத்தில் வாழும் அனைவர்க்கும் எனத் தன் திட்டத்தை அமைத்தது.

இத்திட்டங்களின் குறையையும் சுட்டவேண்டும். இவை மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பெரிதும் உதவின. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் வாங்கும் மருந்தும், புறநோயாளராகச் செய்யும் செலவும் காப்புக்கு வெளியே நின்றன. ஏழைக் குடும்பங்களின் மருத்துவச் செலவில் பெரும்பகுதி இவ்வகையினதே. 30,000 ரூபாய் என்னும் வரம்பும் 2008இல் விதிக்கப்பட்டவாறே பத்தாண்டுகள் நீடித்தது.

பட்டியல் என்னும் வாயில்

கட்டணத்தை முழுமையும் அரசு ஏற்றபின் பணம் என்னும் தடை நீங்கியது. அவ்விடத்தில் பட்டியல் என்னும் தடை எழுந்தது. 2002ஆம் ஆண்டு ஊரக வறுமைக் கணக்கெடுப்பு 13 குறியீடுகளின் அடிப்படையில் குடும்பங்களுக்கு மதிப்பெண் வழங்கியது. உடுக்கும் துணி எத்தனை, வீடு எவ்வகையினது, நிலம் எவ்வளவு, ஒரு நாளில் எத்தனை வேளை உணவு என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. ஒரு மதிப்பெண் கூடியமையால் ஒரு குடும்பம் பட்டியலுக்கு வெளியே நிற்க நேரிடும். அவ்வாறு வெளியே நின்ற குடும்பத்துக்கு மானியத்தில் ஒரு பகுதியும் இல்லை. அதன் காப்பீட்டுக் கட்டணம் முழுவதும் அதன் தலைமேல் விழும்.

2018 செப்டம்பர் 23ஆம் நாள் ராஞ்சியில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய யோஜனா இப்பட்டியலை மாற்றியது. 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி ஊரகத்தில் இல்லாமையின் அடிப்படையிலும், நகரத்தில் தொழிலின் அடிப்படையிலும் 10.74 கோடி குடும்பங்கள் தகுதி பெற்றன. காப்பு ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு நீக்கப்பட்டது. 30 ரூபாய்ப் பதிவுக் கட்டணமும் நீங்கியது. செலவு மத்திய, மாநில அரசுகளிடையே 60:40 என்றும், வடகிழக்கு, இமாலய மாநிலங்களில் 90:10 என்றும் பகிரப்பட்டது.

இங்கு ஒரு மாற்றம் கவனத்துக்குரியது. பல மாநிலங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் முறையைக் கைவிட்டு, ஓர் அறக்கட்டளை அல்லது அரசு முகமை வழியாக மருத்துவமனைக்கு நேரே பணம் தரும் முறையை மேற்கொண்டன. அம்முறையில் கட்டணமும் இல்லை. ஆகவே கட்டண மானியமும் இல்லை. ‘காப்பீடு’ என்னும் பெயர் நிற்க, அதன் உள்ளடக்கம் அரசின் நேரடிச் செலவாக மாறிவிட்டது. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த அனைவரும் வருமானம் கருதாது இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். பட்டியலுக்கு மாற்றாக வயது ஒன்றே தகுதியாக வைக்கப்பட்டது இந்திய மருத்துவக் காப்பீட்டு வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

இடைப்பட்டோர்

ஏழையர்க்கு முழு மானியமும், வரி செலுத்துவோர்க்கு வரிக் கழிவும், ஆலைத் தொழிலாளர்க்கும் அரசு ஊழியர்க்கும் தனித்தனித் திட்டங்களும் அமைந்தபின் எஞ்சியோர் யாவர்? நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இவர்களை ‘விடுபட்ட நடுப்பகுதியினர்’ என்னும் பொருளில் சுட்டியது. மக்கள் தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டினர், ஏறத்தாழ 40 கோடிப் பேர், மருத்துவச் செலவுக்கு எத்தகைய நிதிப் பாதுகாப்பும் இன்றி உள்ளனர் என்று மதிப்பிட்டது. சிறு கடை நடத்துவோர், சொந்த ஊர்தி ஓட்டுவோர், சிறிதளவு நிலமுடைய உழவர், ஒப்பந்த ஊழியர் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். நம் கல்லூரிகளில் தற்காலிகமாகப் பணிபுரியும் விரிவுரையாளரின் நிலையையும் ஈண்டு எண்ணலாம். அவருடைய தொகுப்பூதியம் ஏழையர் பட்டியலுக்கு மிகுதி. தொழிலாளர் காப்பீட்டின் ஊதிய வரம்பைத் தாண்டினால் அதுவும் இல்லை. நிலையான பணியாளர்க்கு உரிய மருத்துவ வசதியும் இல்லை. வரிக் கழிவால் பயன்பெறும் அளவுக்கு வருமானமும் இல்லை. அவர் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் காப்பீடு வாங்க விழைந்தால் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தவேண்டும்.

இத்தகையோர் காப்பீடு வாங்கியபோது அரசு உதவி பெறாததோடு, அரசுக்கு வரியும் செலுத்தினர். 2017 ஜூலை முதல் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. 20,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 3,600 ரூபாய் வரி. 2025 செப்டம்பர் 3ஆம் நாள் கூடிய சரக்கு மற்றும் சேவை வரிக் குழு, தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக் கட்டணங்களை இவ்வரியினின்று விலக்க முடிவு செய்தது. இது அம்மாதம் 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சுமை ஒன்று நீங்கியது உண்மையே. ஆயினும் வரியை நீக்குதலும் கட்டணத்தில் பங்கேற்றலும் ஒன்றல்ல.

இடைப்பட்டோரின் கட்டணத்தில் அரசு பங்கேற்ற முயற்சிக்கு இராசத்தான் ஓர் எடுத்துக்காட்டு. 2021 மே மாதம் அங்குத் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில் ஏழையர், சிறு உழவர், ஒப்பந்த ஊழியர் ஆகியோர்க்குக் கட்டணம் இல்லை. ஏனைய குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்றது. வெளியே நிறுத்தப்பட்டோர்க்கும் பாதி வழியில் ஒரு வாயில் திறக்கப்பட்டமை இதன் சிறப்பு.

வேறு நாடுகளின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பெற்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, 2014 முதல் தனிநபர் வாங்கும் காப்பீட்டுக் கட்டணத்துக்கு வரி வரவாக அரசின் உதவி கிடைத்தது. வருமானம் கூடக்கூட அவ்வுதவி படிப்படியாகக் குறையும் முறையில் அது வகுக்கப்பட்டது. இந்தியாவில் உதவி படிக்கட்டாக அமையாது மதிலாக அமைந்தது. மதிலுக்கு உள்ளே முழு உதவி, வெளியே ஒன்றுமில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, ஏழையிடம் ஒரு பகுதியை முன்கூட்டிக் கேட்ட திட்டங்கள், அப்பகுதி எவ்வளவு சிறிதாயினும், தாமே ஏழையைச் சென்றடையவில்லை. 2003ஆம் ஆண்டுத் திட்டமும் யசஸ்வினியின் மூன்றாம் ஆண்டும் இதற்குச் சான்றுகள். உதவியின் அளவோடு, அது யார்வழி, எந்நாளில், எவ்வடிவில் வருகிறது என்பதும் திட்டத்தின் வெற்றியை முடிவு செய்தது.

இரண்டாவதாக, அரசின் உதவி வருமான வரிசையின் இரு முனைகளிலும் நின்று, இடையில் இல்லாது போயிற்று. கீழ்முனையில் அது உரிமையாகவும், மேல்முனையில் வரிக் கழிவாகவும் வந்தது. தம் காப்பீட்டைத் தாமே வாங்கும் இடைப்பட்டோர்க்கு நெடுங்காலம் வரிச்சுமையே கிட்டியது.

மூன்றாவதாக, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செய்யும் செலவின் பங்கு 2013–14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021–22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது எனத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் தெரிவிக்கின்றன. இது காப்பீட்டால் மட்டும் நிகழ்ந்ததன்று. அரசு மருத்துவமனைகளுக்கான செலவு கூடியதும் இதற்குக் காரணம். எனவே காப்பீட்டு மானியத்தை அரசு மருத்துவமனைக்கு மாற்றாகக் கருதுதல் பொருந்தாது.

திருமுக்கூடல் ஆதுலசாலைக்கு அளிக்கப்பட்ட கொடை மருத்துவரையும் மருந்தையும் பேணியது. இன்றைய மானியம் நோயாளியின் பெயரைப் பேணுகிறது. பெயரைப் பேணும் முறையில், பெயர் விடுபட்டோர் யாவர் என்பதை ஆண்டுதோறும் கேட்பது அரசின் கடமையாகிறது. வருமானத்துக்கேற்பப் படிப்படியாகக் குறையும் கட்டண உதவியை இடைப்பட்டோர்க்கும் வகுப்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் அடுத்த பணி எனலாம். அதற்கான முன்மாதிரிகள் இந்நாட்டின் மாநிலங்களிலேயே உள்ளன.